டைமிங் பெல்ட் றேமண்ட்

எந்த ரப்பரைக் கண்டாலும் றேமண்ட் அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். செருப்புக் கடையில் செருப்பை, ஆஸ்பத்திரியில் சுடுதண்ணீர்ப் பையை, அடுத்த வீட்டு மாக்ரெட்டின் காஸ் அடுப்புக் குழாயை. நகம் பதிந்த இடம் உடனே நிமிர்ந்து வந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். பள்ளம் அப்படியே நின்றாலோ, விளிம்பில் மயிரிழை போல வெடிப்புத் தெரிந்தாலோ, அது யாருடைய பொருள் என்றும் பார்க்காமல் சத்தம் போடுவார். "இது செத்துப்போச்சு. செத்ததை ஏன் வீட்டுக்குள்ள வச்சிருக்கிறீங்க?" கலியாணம் முடித்த இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவருடைய மனைவி நேசம் எத்தனை வீடுகளில் இதைப் பார்த்துத் தலையைக் குனிந்திருப்பாள் என்று சொல்லமுடியாது. மருதானையில் ஒரு ஞானஸ்நான வீட்டில் குழந்தையின் வாயிலிருந்த சூப்பியையே பிடுங்கி அழுத்திப் பார்த்தார். குழந்தை வீறிட்டது. "அழட்டும். இதைச் சப்பினா வருத்தம் வரும்" என்றார் தாயிடம்.

கொட்டாஞ்சேனையில், பெரிய வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் அவருடைய கராஜ். வீட்டின் முன்பக்கம்தான் கராஜ். தகரக் கூரை, நடுவில் காருக்கு அடியில் இறங்கி நின்று வேலை செய்ய ஒரு கிடங்கு, நெருக்கி விட்டால் இரண்டு கார் நிற்கும். துறைமுகத்தில் பன்னிரண்டு வருடம் கிரேன் எஞ்சின்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒரு மேலதிகாரியோடு வாய்த்தர்க்கப்பட்டு வெளியே வந்தவர். வயது ஐம்பத்திரண்டு. குட்டையான ஆள், தடித்த கழுத்து. சட்டையின் மேல் இரண்டு பொத்தானும் பூட்டியதை யாரும் பார்த்ததில்லை, பூசைக்குப் போகும்போது தவிர. கோபம் வரும்போது குரல் உயருவதற்கு முன்னால் காது சிவக்கும். சிவப்பதைக் கண்டால் நேசம் குசினி யன்னலை மெதுவாகச் சாத்துவாள். சாத்தினாலும் எல்லாம் கேட்கும்.

அவருடைய கோபத்தில் முக்கால்வாசி மீட்டர் மேல்தான். கார் கொண்டுவருகிறவர்கள் இறங்கினதும் மீட்டரைக் காட்டுவார்கள். "பாஸ், இன்னும் முப்பதாயிரம்கூட ஓடேல்ல" என்பார்கள். கொழும்பில் கார் திருத்துகிறவனுக்குப் பாஸ் என்றுதான் பெயர். றேமண்ட் பாஸ் ஒரு கந்தைத் துணியை எடுத்து மீட்டர்க் கண்ணாடி மேல் போட்டு மூடிவிடுவார்.

"இதை மூடும். பெல்ட்டுக்கு மீட்டர் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது கலண்டர் மட்டும்தான். வருசத்தைச் சொல்லும்."

இந்தப் பேச்சை நேசம் அரிசி களைந்துகொண்டே கேட்டிருக்கிறாள், மீன் அரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாடிக்கைக்காரர் முன்னால் வந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். தேத்தண்ணியைக்கூடக் கதவிடுக்கால்தான் நீட்டுவாள். ஆனால் டைமிங் பெல்ட் என்றால் என்னவென்று அவளிடம் கேட்டால் சொல்லுவாள். உட்புறம் பல் வைத்த ரப்பர் வளையம் அது. எஞ்சினுக்குள் மேலே வால்வுகள் திறந்து மூடுவதையும் கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்குவதையும் ஒரே தாளத்தில் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது அறுந்தால், அல்லது இரண்டு பல்லுத் தவறினால்கூட, ஏறி வருகிற பிஸ்டன் திறந்து நிற்கிற வால்வில் போய் இடிக்கும். ஒரு செக்கன். பிறகு எஞ்சினை இரும்புக்கடைக்கு நிறுத்துப் போடலாம்.

றேமண்டிடம் வந்த கார்களில் ஒன்றே ஒன்றுதான் பெரிய சங்கதி. வெள்ளவத்தையில் கடலோரமாக முடிகிற ஒரு ஒழுங்கையில், இரும்புச் சாமான் இறக்குமதி செய்கிற சின்னராசா முதலாளியின் வீட்டில் நின்ற சிவப்புக் கார். இத்தாலியில் செய்தது. ஆளுடைய இடுப்பளவு உயரம்தான் இருக்கும். எஞ்சின் முன்னுக்கு இல்லை, சீற்றுக்குப் பின்னால். அதற்கு ஒரு பெல்ட் இல்லை, இரண்டு. மாற்றுவதென்றால் பின்சில்லைக் கழற்றி, உள்ளே கையைச் சுழித்து விட்டுச் செய்யவேண்டும். றேமண்ட் வருடத்துக்கு ஒருதரம் போய் ஒயில் மாற்றிவிட்டு வருவார். வந்து இரண்டு நாளைக்கு அதே கதைதான். "நேசம், அந்த எஞ்சினைப் படைச்சவன் ராசா. வாங்கினவன் விசரன்."

சின்னராசா அந்தக் காரை ஓட்டுவதில்லை. வந்த புதிதில் ஞாயிறு விடியற்காலைகளில் கல்கிசை வரைக்கும் போய் வந்தார். சந்திக்குச் சந்தி சோதனை வந்த பிறகு அதுவும் இல்லை. விருந்தாட்கள் வந்தால் போர்வையை எடுத்து, ஸ்டார்ட் செய்து, இரண்டு தரம் உறுமவிட்டு, அவர்கள் வாயைப் பிளந்ததும் நிறுத்திவிடுவார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, கோட்டையில் குண்டு வெடித்துச் சில மாதங்கள் இருக்கும், ஒயில் மாற்றப்போன இடத்தில் றேமண்டுக்குக் காது சிவந்தது.

"இந்த பெல்ட் எப்ப போட்டது, முதலாளி?"

"அது வரும்போதே இருந்ததுதானே, பாஸ்."

"வந்தது எண்பத்தொன்பது. ஏழு வருசம்."

"அதுக்கு என்னா? மீட்டரப் பாருங்க. தொளாயிரத்துப் பன்னண்டு மைலு. பெல்ட்டு புத்தம் புதுசா இருக்குமே."

"நீங்க உங்கட அப்பாவுக்கு வயசு பாக்கிறது அவர் எத்தினை மைல் நடந்தார் எண்டா?"

சின்னராசா சிரித்தார். றேமண்ட் சிரிக்கவில்லை.

"நிக்கிற காருக்குத்தான் பெல்ட் கெதியில சாகும். மாசக்கணக்கா ஒரே வளைவில மடிஞ்சு நிக்குது. உப்புக் காத்து. பின்னால ரயில் போற அதிர்ச்சி. பிறகு ஒருநாள் நாலுபேருக்குக் காட்ட எழுப்பி, உறுமு எண்டா அது என்ன செய்யும்? மூண்டு வருசம். மிஞ்சிப்போனா அஞ்சு. ஓடினாலும் சரி, ஓடாட்டியும் சரி, மாத்தோணும். இனி இந்தச் சாவியைத் தொட்டீங்களெண்டா என்னைக் கூப்பிடவேணாம்."

சின்னராசா ஒத்துக்கொண்டதற்குக் காரணம் எஞ்சின் மேல் இரக்கம் அல்ல. ஆவணியில் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளையையும் பெண்ணையும் மண்டபத்திலிருந்து அந்தச் சிவப்புக் காரில் கூட்டிவர வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை.

பஞ்சிகாவத்தையில் உதிரிச் சாமான் கடை வைத்திருக்கும் பாயிஸ் சிங்கப்பூரிலிருந்து இரண்டு பெல்ட்டையும் எடுப்பித்துக் கொடுத்தான். அன்றைக்கு அந்தக் கடையில் நடந்ததை அவனே பிறகு நேசத்திடம் வந்து சொன்னான், குற்றவாளி போல நின்றுகொண்டு. றேமண்ட் கடை வாசலில் நின்று, வீதியெல்லாம் கேட்க, "எங்க என்ட டைமிங் பெல்ட்?" என்று கேட்டிருக்கிறார். பாயிஸ் அவரை உள்ளே இழுத்தான்.

"மச்சான், மெல்லப் பேசுங்க. டைமிங் எண்டு ஒண்டு, பெல்ட் எண்டு ஒண்டு. இந்த நாளையில ரெண்டும் சேந்து ஒரு தமிழன்ட வாயில வந்தா அடுத்தவனுக்கு என்ன வெளங்கும்? குண்டுதான் வெளங்கும். நாங்க இப்ப இங்க பல்லுப் பட்டியெண்டுதான் செல்றது. முழு ரோட்டும் அப்பிடித்தான்."

"உங்கட பயத்துக்கு நான் சாமானுக்குப் பேர் மாத்தோணுமா? நாளைக்குப் பிறேக்கை என்னெண்டு சொல்லச் சொல்லுவீர்? பாதமிதியெண்டா?"

"உங்கள நம்பி ஒரு பொஞ்சாதி ஈக்கிறா, மச்சான்."

"அவளுக்கு இது டைமிங் பெல்ட் எண்டு தெரியும்."

பெட்டியை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினார். அன்று மழை. நனைந்த மட்டைப்பெட்டி பஸ்ஸுக்குள்ளேயே பிய்ந்து கையோடு வந்தது. கீழே வைக்கலாம் என்றால், யாரோ கொண்டுவந்த மண்ணெண்ணெய்க் கலன் சிந்தித் தரையெல்லாம் ஓடுகிறது. ரப்பருக்கு மண்ணெண்ணெய் நஞ்சு. மடித்துப் பைக்குள் வைக்கலாம் என்றால், டைமிங் பெல்ட்டை ஒருதரம் மடித்தாலே உள்ளே நரம்பு முறிந்துவிடும்; வெளியே ஒன்றும் தெரியாது, போய் எஞ்சினுக்குள்தான் அறும். ஆகவே றேமண்ட் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றி, இரண்டு பெல்ட்டையும் மாலை போலக் கழுத்தில் போட்டு, அதற்கு மேல் சட்டையைப் பூட்டிக்கொண்டார். கழுத்துப் பொத்தான் வரைக்கும்.

நேசத்துக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதில்தான். ரப்பர் நனையக்கூடாது, மடியக்கூடாது, எண்ணெய் படக்கூடாது என்று இவ்வளவு யோசித்த மனிதன், அது தொங்குவது யாருடைய நெஞ்சில் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

பம்பலப்பிட்டி தாண்ட முன்னம் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அடையாள அட்டையில் பெயர் றேமண்ட் என்று, சிங்களவருக்கும் இருக்கிற பெயராக இருந்ததால் சில வேளை தப்பியிருப்பார். ஆனால் பிறந்த இடம், சண்டை நடக்கிற வடக்கில், மன்னார் என்று இருந்தது. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெறவேண்டும் என்று அவருடைய அம்மா ஏழாம் மாதம் ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு, நாற்பது கழிந்ததும் கொட்டாஞ்சேனைக்குத் தூக்கி வந்தவ. அந்த நாற்பது நாளைத் தவிர றேமண்ட் மன்னாரில் இருந்ததில்லை. அட்டையில் அதுவா எழுதியிருக்கும்?

சோதித்த சிப்பாய் சின்னப் பொடியன். சட்டைக்கு மேலால் தடவினான். உள்ளே கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் விறைப்பாக, பல்லுப் பல்லாக என்னவோ.

"மொகக்த மே?" என்றான். என்ன இது என்று கேட்கிறான்.

"டைமிங் பெல்ட்" என்றார் றேமண்ட்.

அதன் பிறகு வரிசையில் நின்ற சனம் முழுவதும் தரையில் கிடந்தது. சிப்பாயும் பின்னுக்குப் பாய்ந்து விழுந்தான். நின்றது றேமண்ட் மட்டும். எதற்காக எல்லோரும் படுக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கச் சில செக்கன் எடுத்தது. சுடாமல் விட்டது மாதாவின் கிருபை என்று நேசம் சொல்லுவாள். கையை உயர்த்தச் சொல்லி, முழங்காலில் இருத்தி, சட்டையைக் கிழித்து, முகம் குப்புறத் தள்ளி அழுத்தினபோது அவர் சிங்களத்தில் கத்தினது இதுதான்: "நெளிக்காதே! அதை நெளிக்காதே!"

வெடிகுண்டு இல்லை என்று அரைமணித்தியாலத்தில் தெரிந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு மன்னார்க்காரன் வாகனச் சாமானைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போகிறான் என்றால், அவன் குண்டுக்குத் தயார்படுத்தும் வாகனம் எது என்று பொலிஸ் கேட்டது. சின்னராசா முதலாளியின் கார் என்றார் றேமண்ட். பொலிஸ் சின்னராசாவுக்கு டெலிபோன் எடுத்தது. தன்னிடம் அப்படி ஒரு கார் இல்லை என்றார் சின்னராசா.

மாக்ரெட்டின் வீட்டு டெலிபோனுக்குச் செய்தி வந்தபோது நேசம் கிணற்றடியில் நின்றாள். மற்ற நாள் காலையில் தனியாக வெள்ளவத்தைக்குப் போனாள். சின்னராசா வீட்டு விறாந்தையில் கலியாணத்துக்குப் பலகாரத் தகரங்கள் அடுக்கியிருந்தன. பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் சாம்பல் நிறப் போர்வையும், போர்வை முட்டாத இடத்தில் ஒரு சிவப்பு விளிம்பும் அவளுக்குத் தெரிந்தன. அவள் அதைப் பார்த்ததை சின்னராசாவும் பார்த்தார்.

"தங்கச்சி, என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்க. அந்தக் கார் காயிதத்துல காரே இல்ல. நாலு பெட்டி உதிரிச் சாமான்னு எழுதி இறக்குனது. நான் போயி என் கார்தான்னு சொன்னா, அடுத்த கேள்வி எனக்குத்தான். மகளுக்குக் கலியாணம் வருது. நானும் தமிழன்தானே?"

முன்னால் வைத்த தேத்தண்ணியை நேசம் தொடவில்லை.

"பாஸ் மேல ஒண்ணும் கிடையாதே. ரெண்டு நாளு வச்சிருந்துட்டு விட்டுருவாங்க." எழுந்துபோய் ஒரு கலியாணக் காட் எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். "குடும்பத்தோட கண்டிப்பா வரணும்."

அவருக்கும் பயம்தான். அது நேசத்துக்கு விளங்கியது. விளங்கினதால் கோபம் குறைந்துவிடவில்லை. அவர் சொல்லவேண்டியிருந்தது ஒரு வசனம். அது என்ட கார், அந்த மனிசன் அதைத் திருத்த வந்தவன். ஒரு வசனத்துக்கு வாய் வராதவருக்கு, கலியாணத்துக்கு வா என்று சொல்ல வாய் வருகிறது. அவள் அந்தக் காட்டைக் குடிக்காத தேத்தண்ணிக் கோப்பையின் மேல் மூடிபோல வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

ஒன்பது நாள் காலையில் போய்ப் பொலிஸ் நிலையத்து வாங்கில் இருந்தாள். சாப்பாட்டுப் பார்சலை வாங்கினார்கள். உள்ளே கொடுத்தார்களா என்று தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் சில வேளை சத்தம் கேட்கும். றேமண்டின் சத்தமாக இருக்கக்கூடாது என்று செபமாலை உருட்டுவாள். பத்தாம் நாள் நிலையப் பொறுப்பதிகாரி, ஓ.ஐ.சி., அவளை உள்ளே கூப்பிட்டார். ஜீப் ஓட்டுகிற வயதான சார்ஜன் ஒருவர் கதவோரம் நின்றார். மேசை நிறைய ஃபைல்கள்.

ஓ.ஐ.சி. சிங்களத்தில் பேசினார். மோசமாகப் பேசவில்லை, பொறுமையாகத்தான் பேசினார். "உன் புருசன் பொய் சொல்கிறான், அம்மா. முதலாவது, அப்படி ஒரு கார் இல்லை. இரண்டாவது, இருந்தால்கூட அது ஓடினது தொள்ளாயிரம் மைல் என்கிறான். தொள்ளாயிரம் மைல் ஓடின காருக்கு யார் பெல்ட் மாற்றுவார்கள்? என்னுடைய காருக்கு அறுபதினாயிரம் மைலில் மாற்று என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. இன்னும் நாற்பதாயிரம்கூட ஓடவில்லை. ஒன்பது வருடமாக அதே பெல்ட். நான் மாற்றினேனா?"

நேசத்துக்கு மீன் சந்தையில் படித்த சிங்களம்தான். ஆனால் மைல் என்ற சொல்லும் ஒன்பது வருடம் என்ற சொல்லும் நன்றாக விளங்கின. இத்தனை வருடம் குசினி யன்னலால் கேட்டது எல்லாம் ஒரேயடியாக நெஞ்சில் ஏறி வந்தது. எழுந்தாள். ஃபைல் அடுக்கின் அடியிலிருந்து, தூசி படிந்த ஒன்றை இழுத்தாள். அதைச் சுற்றிப் போட்டிருந்த ரப்பர் வளையத்தில் விரலை வைத்தாள். இழுக்கக்கூட இல்லை. அது துண்டு துண்டாக உதிர்ந்து மேசையில் விழுந்தது.

"மஹத்தயா, இந்த ஃபைல் எத்தனை மைல் ஓடினது?"

அவள் நிறுத்தவில்லை. அவளுடைய குரலா அது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இது ஓடினதா? மழையில் நனைந்ததா? சும்மா மேசையில் இருந்தது. இருந்தே செத்தது. ரப்பருக்கு மைல் இல்லை, வருடம்தான். மூன்று வருடம், மிஞ்சினால் ஐந்து. என் புருசன் உங்களுடைய காரைப் பார்த்தாரென்றால் உங்களுக்கும் ஏசுவார். ஒன்பது வருடமா? பெண்சாதி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டா ஓடுகிறீர்கள்?"

கதவடியில் சார்ஜன் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அவருக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால், உங்களுடைய ஆள் இது என்ன என்று கேட்டபோது ரப்பர் என்று சொல்லியிருப்பார். பட்டி என்று சொல்லியிருப்பார். கடைக்காரர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். ஒளிக்கிறவன் துவக்குக்கு முன்னால் நின்று டைமிங் பெல்ட் என்று சொல்லுவானா?"

ஓ.ஐ.சி. மேசையில் கிடந்த ரப்பர்த் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புறங்கையால் அவற்றை ஒதுக்கித் தள்ளினார். "யன்ன" என்றார். போ.

அடுத்த நாள் றேமண்டை விட்டார்கள். முழுதாக விடவில்லை. காரின் சொந்தக்காரர் வந்து எழுத்தில் கொடுக்கும் வரைக்கும் ஃபைலை மூடமுடியாது. அதுவரைக்கும் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்துப் போடவேண்டும். பதினொரு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். இடது காதுக்குள் இரத்தம் காய்ந்திருந்தது. எஞ்சின் சத்தத்தை வைத்தே வியாதி சொல்லுகிற மனிதன், இப்போது தலையைத் திருப்பி வலது காதைத்தான் கொடுக்கிறார்.

வெளியே வரும்போது யாரையும் திட்டவில்லை. அவருடைய சாமான்களைக் காட்டிக் கையெழுத்து வாங்கும் இடத்தில்தான் நின்றார். பேர்ஸ், மணிக்கூடு, செபமாலை. பெல்ட் இரண்டையும் நாலாக மடித்து, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, லேபல் போட்டுச் சாட்சிப் பொருளாக ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். றேமண்டின் காது சிவந்தது.

"எந்த மாடு இதை மடிச்சது? பெல்ட்டை மடிப்பானா எவனும்? இனி இது எதுக்கு? நாய் கட்டவா?"

நேசமும், கூட்டிப்போக வந்திருந்த பாயிஸுமாகக் கையைப் பிடித்து அவரை வீதிக்கு இழுத்து வந்தார்கள்.

வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் அதற்குப் பிறகு வரவில்லை. வந்த மீதிப்பேர் அவர் இல்லாத இடத்தில் டைமிங் பெல்ட் றேமண்ட் என்று பெயர் வைத்தார்கள். கொட்டாஞ்சேனைக் கராஜ்காரர் எல்லோரும் பஞ்சிகாவத்தையைப் பார்த்துப் பல்லுப் பட்டி என்று சொல்லப் பழகிவிட்டார்கள். "பட்டி எண்டா மாட்டுக்கு. பள்ளிக்கூடம் போன ஆக்கள்தானே நீங்க?" என்பார் றேமண்ட், வேண்டுமென்றே வீதிக்குக் கேட்க. சாமான் வாங்கப் போகும்போது இப்போது நேசமும் கூடப் போகிறாள். பெட்டி அவள் மடியில். பில் மேலே குத்தியிருக்கும்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்க, சின்னராசா நேரில் வந்தார். தான் ஓடித்திரிகிற மற்றக் காரை ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கையில் ஒரு பெட்டி.

"நடந்தது நடந்துபோச்சு, பாஸ். மனசுல வச்சுக்காதீங்க. வேற பெல்ட்டு எடுப்பிச்சிருக்கேன். நீங்க ஒருக்கா வந்து போட்டுக் குடுத்துட்டா..."

றேமண்ட் கிடங்குக்குள் நின்றார். தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"எந்தக் காருக்கு, முதலாளி?"

"என்னா பாஸ், தெரியாத மாதிரி..."

"உங்களிட்டக் கார் இல்லையே. பொலிசுக்குச் சொன்னீங்களே. இல்லாத காருக்கு நான் எந்த அளவில பெல்ட் போடுறது?"

"நான் சொல்லியிருந்தா என்னையும் சேத்து உள்ளுக்குப் போட்டிருப்பாங்க."

"ஓம். ரெண்டுபேரும் இருந்திருப்பம். கதைக்க ஒரு ஆள் இருந்திருக்கும்."

சின்னராசா நேசம் நின்ற கதவைப் பார்த்தார். அவள் இந்தமுறை கதவுக்குப் பின்னால் போகவில்லை.

"பொலிசுக்குப் போங்க, முதலாளி. என்ட கார் எண்டு ஒரு துண்டில எழுதிக் குடுங்க. அண்டைக்கே வந்து பூட்டித் தாறன். காசு வேணாம்." பிறகு பற்களைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. உங்களுக்காகச் சொல்லேல்ல. அந்த எஞ்சின் ஒரு பிழையும் செய்யேல்ல."

சின்னராசா யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனார். கலியாணம் வாடகைக் காரில் நடந்தது.

அந்தப் பெட்டியை நேசம் அலுமாரிக்கு மேல், வெயில் படாத, எண்ணெய் படாத இடத்தில், மடியாமல் கிடத்தி வைத்தாள். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று பார்த்தார்கள். வருடம் மூன்று போனது. பெல்ட்டின் முதுகில், அதைச் செய்த மாதம் தொண்ணூற்று நாலு ஒக்டோபர் என்று அச்சடித்திருந்தது.

இந்த வருடம், பெல்ட்டுக்கு ஐந்து வயது முடிந்த ஒக்டோபர் முதலாம் திகதி காலையில், தேத்தண்ணி குடித்து முடித்ததும், றேமண்ட் கதிரை போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினார். இரண்டு பெல்ட்டும் கறுப்பாக, மினுக்கமாக, ஒரு எஞ்சினையும் காணாமல் கிடந்தன. தகரம் வெட்டுகிற கத்தரியைத் தேடி எடுத்து வந்தார். வெட்டும்போது ரப்பர் வழுக்கியது. நேசம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து மற்ற நுனியை இறுக்கிப் பிடித்தாள். அவர் வெட்டினார், அவள் பிடித்தாள். இரண்டு பெல்ட்டும் எட்டுத் துண்டாகக் குப்பைக்குப் போயின.

சிவப்புக் கார் வெள்ளவத்தையில் போர்வைக்குள் நிற்கிறது. சின்னராசா இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் றேமண்ட் பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்.